முட்டைக்கு ரெண்டாங்கோட்டு

என் தாய்மாமா சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ரெண்டாங்கோட்டு" என்றால்தான் வேலை செய்யும் இடத்தில் ஆள் தெரியும். எந்தச் சுவரையும் ஒருமுறை அடித்த ஒரே கோட்டோடு விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வராது. வீட்டுக்காரரே "போதும்ப்பா, நல்லாத்தானே இருக்கு" என்றாலும், "உங்களுக்கு நல்லாருக்குங்க, சுவருக்கு நல்லால்ல" என்று ரோலரை மறுபடி நனைப்பார்.

நான் பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியோடு மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தில் அவரைத் தேடினேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். மனுஷன் மண்டபத்துத் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "மாப்ள, ரொம்பப் பெருமையா இருக்குடா. ஆனா இவ்வளவு பெரிய படிப்பு குடுக்கிற இடத்துல ஒரே கோட்டோட விட்டுட்டானுங்களே" என்றார். கண் கலங்கியிருந்தது. எதற்காகக் கலங்கியது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

எனக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் இருவரும் ஒரே வீட்டுக்கு வந்தோம். மூன்று மாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. வார நாட்களில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம், வெளியில் சாப்பிடுவோம். ஞாயிறு காலை மட்டும் மாமா சமைப்பார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கிளறின முட்டை.

ஆனால் அந்த ஒன்றை அவர் செய்யும் விதம் இருக்கிறதே! முட்டையை உடைத்துக் கொட்டி, நுரை வராமல் அடித்து, வெண்ணெய் உருகிய வாணலியில் ஊற்றி, அடுப்பை அணைகிற மாதிரி சிறிதாக்கிவிடுவார். சுவரில் பட்டி பூசும் தகடு ஒன்றை முட்டைக்கென்றே புதிதாக வாங்கி வைத்திருந்தார். அதை வைத்து ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளித் தள்ளி எடுப்பார். முட்டை இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே இறக்கிவிடுவார். "அடுப்பை நிறுத்தினாலும் அது தானா இறுகும் மாப்ள. பெயிண்ட்டும் அப்படித்தானே? காயற வரைக்கும் தேய்ச்சிக்கிட்டே நின்னா திட்டுத்திட்டாப் போயிடும்."

அது முதல் கோட்டு. மேலே தூவுவது இரண்டாவது கோட்டு. அங்கேதான் மாமாவின் மூளை வேலை செய்யும். ஒரு வாரம் வறுத்த வேர்க்கடலையை இடித்துப் போடுவார், மறு வாரம் மாதுளை முத்து. ஒரு தடவை ஆப்பிளைத் தாளாகச் சீவி, ஒரு சொட்டுத் தேன் விட்டு, அதன்மேல் மிளகாய்த்தூளை விரல் நுனியால் தெளித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் வைத்தேன். தட்டை நக்கத்தான் பாக்கி. எல்லாத் தடவையும் அப்படி அமைந்துவிடாது. இஞ்சி பிஸ்கட்டும் வெள்ளரிக்காயும் சேர்த்துத் தூவிய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. செய்ததில் கொஞ்சம் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போகும். அவர்கள் வேண்டாம் என்றாலும் போகும்.

மாமாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு மூன்று இடத்தில் கேட்டு மூன்று இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பெயிண்ட் தின்னர் வாசனை அடிக்கிறது என்றாள் ஒருத்தி. நான்காவது இடத்துக்கு அவர் போகவேயில்லை.

அப்படி இருந்தவர் ஒரு நாள் சாயங்காலம் வந்து, கைகூடக் கழுவாமல், "மாப்ள, நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லிட்டாங்கடா" என்றார்.

"யாரு? எதுக்கு எது வித்தியாசம்?"

விஷயம் இதுதான். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமாவுக்கு வெள்ளை என்று ஒன்று கிடையாது, ஏழு உண்டு. சுவரில் ஏழு வெள்ளையையும் கையகலத்துக்கு அடித்துக் காயவிட்டு, எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதலாளி, "என்னய்யா விளையாடறியா, எல்லாம் ஒண்ணுதானே?" என்று சிரித்திருக்கிறார். கடையில் லென்ஸ் பொருத்துகிற பெண் ஒருவர் மட்டும் எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நாலாவது கொஞ்சம் மஞ்சள் கலந்தது. அஞ்சாவது கண்ணைக் கூசாது. அஞ்சாவது போடுங்க" என்றிருக்கிறார். இருபத்தைந்து வருடத் தொழிலில் மாமாவிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதன்பிறகு அந்தக் கடையில் மூன்று முறை 'டச்சப்' வேலை நடந்தது. கீறல் விழாத சுவரில் என்ன டச்சப் என்று முதலாளி கேட்கவில்லை. அந்த அக்கா கேட்டார். மாமா உண்மையைச் சொல்லி, கல்யாணத்துக்குச் சம்மதமா என்றும் கேட்டுவிட்டார்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. ஒரு கல்யாணம் நடந்து, முறிந்து, ஏழு வருடமாகியிருந்தது. பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டு போன் செய்தார். மாமா கை முழுக்கப் பெயிண்ட். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஸ்பீக்கரில்.

"ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுக்கு வர்றேன். தனியாத்தான் வருவேன். கூட்டம் வந்தா வீட்டைப் பாக்க முடியாது, கூட்டத்தைத்தான் பாக்க முடியும்."

"வாங்க வாங்க. விருந்து..."

"அதுதான் வேண்டாம். மொதல் தடவை நாங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போனப்ப பதினாறு வகை போட்டாங்க. அப்புறம் நாலு வருஷம் அந்த வீட்டுல என்னைச் சாப்பிட்டியான்னு ஒரு ஜீவன் கேக்கல. நீங்க நெஜமா என்ன சாப்பிடுவீங்களோ அதுதான் எனக்கும். எனக்காக வேஷம் போட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும். அப்படியே திரும்பிப் போயிடுவேன். கோச்சுக்காதீங்க."

போனை வைத்ததும் எனக்கு நிம்மதி. "மாமா, வேலை சுலபமாயிடுச்சு. வெறும் முட்டை, உப்பு, மிளகு. முடிஞ்சது. உங்க வித்தையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் வெச்சிக்குங்க."

"வெறும் முட்டையா நான் திங்கறேன்?"

"அவங்களுக்கு அது தெரியாதுல்ல?"

"அப்ப அதுதான் மாப்ள வேஷம்." கையிலிருந்த பெயிண்ட் தரையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றார். "தூவினா ஷோ காட்டற மாதிரி இருக்கும். தூவலைன்னா பொய். நீ படிச்சவன், சொல்லு."

நான் படித்தவன் என்ற தைரியத்தில், வெறும் முட்டையே சரி என்று அடித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மாமா தலையை ஆட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை என்பது அவருடன் நாலு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னைத் தரை துடைக்கவும் பால்கனியிலிருந்து வாளிகளை அப்புறப்படுத்தவும் ஏவிவிட்டுச் சமையலறைக்குள் போனார். ஒன்பது மணிக்கு நான் எட்டிப் பார்த்தேன்.

ஏதோ வேலையில் மிஞ்சிய பெரிய வெள்ளை டைல்ஸ் ஒன்றைத் தேய்த்துக் கழுவி மேஜைமேல் வைத்திருந்தார். அதில் மூன்று வரிசையாக ஒன்பது குவியல் முட்டை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாஸ்கிங் டேப்பில் நம்பர். ஒன்று, வெறும் முட்டை. இரண்டு, வேர்க்கடலை. அப்புறம் பொரித்த வெங்காயம், மாதுளை, எலுமிச்சை பிழிந்த வெள்ளரி என்று போய், ஒன்பதில் அந்த ஆப்பிள்.

"என்ன மாமா இது?"

"சாம்பிள். எது வேணும்னு அவங்களே சொல்லட்டும். சொன்னதைச் சுடச்சுடச் செஞ்சி குடுத்துடறேன். பொய்யும் இல்ல, ஷோவும் இல்ல." முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சொந்தமாக ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டவரின் திருப்தி.

அழைப்பு மணி அடித்தது.

கண்ணாடிக்கடை அக்கா ஒல்லியாக, உயரமாக இருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், உட்காருவதற்கு முன்பே மேஜையைப் பார்த்துவிட்டார். தோளில் தொங்கிய கைப்பையை அவர் இறக்கி வைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைன்னா இதுதான் சாப்பிடுவீங்களா?"

"ஆமாங்க. அதாவது, ஒண்ணு ஒண்ணா..."

"ஒம்பது வகை."

அவர் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது. மாமாவைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயைத் திறந்தேன். "இல்லக்கா, மாமா எப்பவும் வெறும் முட்டைதான் சாப்பிடுவார். இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு..."

"அப்ப இது எனக்குப் போட்ட வேஷம்."

"அவன் சொல்றது பொய்ங்க!" என்றார் மாமா.

"யாரு பொய் சொல்றது? நீங்களா, தம்பியா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வீட்டில் ஒரு பொய்யன் இருப்பது உறுதியாகிவிடும். மாமா அவசரமாக, "நீங்க எதுன்னு சொல்லுங்க, செஞ்சி தர்றேன். செய்யும்போது பாத்தீங்கன்னா தெரிஞ்சிடும்" என்றார்.

"சரி. அந்த ஒண்ணாம் நம்பரையே செய்ங்க."

மாமா வாணலியை வைத்தார், வெண்ணெய் போட்டார், முட்டைத் தட்டை இழுத்தார். தட்டில் பன்னிரண்டு பள்ளங்கள் இருந்தன. எல்லாம் காலி. சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூன்று, சாம்பிளுக்கு ஒன்பது. சுவரில் சாம்பிள் அடித்தால் ஒரு கரண்டி பெயிண்ட்தான் போகும், வாளி அப்படியே இருக்கும். இருபத்தைந்து வருடமாக அப்படித்தானே? முட்டைக்கு வாளி கிடையாது என்பது மனுஷனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"முட்டை... தீந்துடுச்சுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "காட்டறதுக்கே எல்லாம் செலவாயிடுச்சு. திங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இது பழக்கமான வீடு மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாக வாசலுக்கு நடந்தார். கோபமாகப் போயிருந்தால்கூடத் தடுத்திருக்கலாம். அவர் களைப்பாகப் போனார்.

மாமா அவருக்கு முன்னால் ஓடி, படிக்கட்டில் நின்று, மேலே பார்த்துக் கத்தினார். "தங்கச்சீ! ஒரு ரெண்டு முட்டை இருக்குமா?"

மூன்றாவது மாடியில் பஸ் டிரைவர் வீடு. டிரைவரின் மனைவிக்கு மெதுவாகப் பேச வராது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"எதுக்குண்ணே? இன்னிக்கு அதுமேல எந்தக் குப்பையக் கொட்டப் போறீங்க?"

"தங்கச்சி, முட்டை மட்டும் குடு..."

"குடுக்கறேன், ஒரு கண்டிஷன். செஞ்சி எங்க வீட்டுக்குக் குடுத்து விடாதீங்க! போன வாரம் சோளப்பொரி. அதுக்கு முந்தின வாரம் மாதுளம்பழம். எம்புருஷன் ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷன், அவருக்கு வயித்துல ஒண்ணு ஆச்சுன்னா அம்பது பேர் உசுரு! ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா எனக்கு பக்குபக்குங்குது. முட்டையை முட்டையாத் திங்கற மனுஷனே உலகத்துல இல்லையா? அந்த இஞ்சி பிஸ்கட்டை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே!"

கண்ணாடிக்கடை அக்கா ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். அண்ணாந்து பார்த்தபடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மேல்வீட்டு அம்மாவின் கச்சேரி முடிந்ததும் மாமா பக்கம் திரும்பினார்.

"இஞ்சி பிஸ்கட்டா?"

"வெள்ளரிக்காயோடங்க" என்றார் மாமா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

அக்கா செருப்பைக் கழற்றினார்.

மேலிருந்து ஒரு கயிற்றில் பிளாஸ்டிக் கூடை இறங்கியது. உள்ளே மூன்று முட்டை, ஒன்று கூடுதலாக. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

பிறகு நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். முட்டையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் அக்கா டைல்ஸின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையைத் தரையில் வைத்தார். ஒரு ஸ்பூனை எடுத்து, கடையில் கண் பரிசோதனைக்கு லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டுகிற அதே குரலில் ஆரம்பித்தார். "ரெண்டா, மூணா? ரெண்டு... மூணு. மறுபடியும் ரெண்டு." ஒவ்வொன்றிலும் ஒரு நுனி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "மூணு நல்லாருக்கு. இப்ப மூணா, நாலா?"

மாமா அடுப்படியில் மூச்சுவிடாமல் நின்றார். ஏழு வெள்ளையையும் சுவரில் அடித்துவிட்டுக் காத்திருந்தபோதும் இப்படித்தான் நின்றிருப்பார் போல.

"நாலுல மாதுளை உடையும்போது நல்லாருக்கு. ஆனா அதுக்குக் கொஞ்சம் காரம் வேணும். ஒம்பதுல இருக்கிற மிளகாய்த்தூளை நாலுல போட்டா?"

"போடலாங்க," என்றார் மாமா. "அதை நான் யோசிக்கவே இல்லைங்க."

மூன்று முட்டையையும் சேர்த்தே கிளறினார். தகடு ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். "இன்னும் ஈரமா இருக்கே?" என்றார். "இருக்கட்டுங்க, அது பாத்துக்கும்" என்றார் மாமா. இறக்கி, மூன்று தட்டில் பங்கு வைத்து, மாதுளையும் மிளகாய்த்தூளும் போட்டார். மூவரும் சாப்பிட்டோம். ருசியைப் பற்றி என்ன சொல்ல? நான் என் பங்கை முடித்துவிட்டு மாமாவின் தட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பாதியில் அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு உப்பு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார். "இங்க என்ன கிடைக்குமோன்னு பயந்து கையோட கொண்டுவந்தேன்" என்று சிரித்தார். இரண்டு பிஸ்கட்டைக் கையால் நொறுக்கித் தன் தட்டில் தூவி, கலந்து, மாமாவிடம் ஒரு ஸ்பூன் நீட்டினார். "இது எப்படி இருக்கு?"

மாமா வாயில் போட்டு மென்றார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை.

"நல்லால்லீங்க. நமுத்துப் போச்சு."

அக்கா தானும் ஒரு வாய் எடுத்து மென்றார். மென்றுகொண்டே தலையை ஆட்டினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நமுத்துத்தான் போச்சு. பசை மாதிரி இருக்கு. நாலு வருஷம் அந்த வீட்டுல நான் என்ன செஞ்சாலும், நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டாங்க, நல்லால்லன்னும் சொல்ல மாட்டாங்க. தட்டைத் தள்ளி வெச்சிட்டு எழுந்து போவாங்க."

"தள்ளி வெக்கறதா?" மாமாவுக்குப் புரியவேயில்லை. அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பிஸ்கட்டைக் கடைசியில, வாயில போடற நேரத்துல தூவியிருந்தா மொறுமொறுன்னு இருந்திருக்கும். உங்க யோசனையில தப்பு இல்ல, நேரத்துலதான் தப்பு" என்று சொல்லி, அந்தப் பசையைத் துடைத்துச் சாப்பிட்டார்.

அக்கா கன்னத்தில் கை வைத்து அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வருவா. அவ முட்டை சாப்பிட மாட்டா. யோசிச்சு வையுங்க" என்று மாமாவிடம் சொன்னார். மாமா அப்போதே யோசிக்கத் தொடங்கி, வழியனுப்ப மறந்து, காய்கறிக் கூடைப் பக்கம் போய்விட்டார். நான்தான் கீழே வரை கூடப் போனேன்.

"பாத்துப் போங்கக்கா."

கடைசிப் படியில் நின்று திரும்பினார். "தம்பி, நீ அவரை மாமாங்கற. என்னை அக்காங்கற. முறை உதைக்குதே?"

"அப்ப... எப்படிக் கூப்பிடறதுங்க?"

"பட்டம் வாங்கின பிள்ளைதானே? யோசி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே வந்தேன். மாமா கையில் ஒரு உருளைக்கிழங்கை வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, முட்டைக்குப் பதிலா அடியில இதை மசிச்சு வெச்சா?"

"மாமா, அத்தை போயிட்டாங்க."

"எந்த அத்தைடா?" என்றார் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிழங்கு நின்றது. மெதுவாக என்னைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்து, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் வாளியைக் கையால் தேடி, அதன்மேல் உட்கார்ந்தார்.